அம்மாவின் உயிர்வாழ் சான்று: இந்த முறை முகம் பார்த்து

சிங்கப்பூரிலிருந்து இந்தத் தடவை அக்டோபரிலேயே திருச்சிக்குப் போனேன். அம்மாவின் உயிர்வாழ் சான்றுதான் காரணம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாக வருஷாவருஷம் நவம்பரில் சான்று கொடுக்க வேண்டும். 80 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அக்டோபர் 1 முதலே வாங்கிக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு 82.

போன வருஷம் பட்ட பாடு மறக்கவில்லை. வங்கியில் கைரேகைக் கருவி அம்மாவின் விரலை ஏற்கவே இல்லை. அறுபது வருஷம் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை எங்கே இருக்கும்? பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள் என்று அக்கா போனில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசியில் காகிதப் படிவத்தில்தான் வேலை முடிந்தது.

சரி, இந்த வருஷம் தபால்காரரை வீட்டுக்கே வரச் சொன்னோம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் சேவை அது. கட்டணம் 70 ரூபாய். உயிர்வாழ் சான்றை மின்னணு முறையில் கொடுக்கும் ஜீவன் பிரமாண் திட்டம் 2014-இல் தொடங்கியது. முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி 2021 நவம்பரில் வந்தது. செல்போன் கேமரா போதும். எதிரே இருப்பது உயிருள்ள முகமா, வெறும் போட்டோவா என்று செயற்கை நுண்ணறிவு பார்த்து, ஆதார் படத்தோடு ஒப்பிடுகிறது.

விவரங்களை நிரப்பும்போது 'மறுமணம் ஆனதா' என்றொரு கேள்வி வந்தது. தபால்காரர் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். நான் தலையசைத்ததும் 'இல்லை' என்று தட்டினார். அந்த இங்கிதத்துக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கூடத்து இருட்டில் முகம் பிடிபடவில்லை. நாற்காலியைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் போட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். "இந்த வட்டத்துக்குள்ள பாருங்கம்மா. கண்ண மூடித் திறங்க." அம்மா மூடினாள், திறக்கவில்லை. சாமி கும்பிடுவதுபோல உட்கார்ந்திருந்தாள். "திறங்கம்மா, அவசரமில்ல." மூன்றாம் தடவை வட்டம் பச்சையானது.

அப்புறம் பக்கத்து வீட்டு மாமி வந்து உட்கார்ந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு ஒரு கண் சரியாக மூடாது. எத்தனை முறை முயன்றும் செயலி ஏற்கவில்லை. "காகிதத்துல குடுக்கலாம் மாமி, அதுவும் செல்லும்" என்றார் தபால்காரர். அந்தக் காகித வழியை எந்தக் காலத்திலும் அடைத்துவிடக் கூடாது. மறுநாள் மாமியை ஆட்டோவில் வங்கிக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போடவைத்தேன்.

அம்மாவின் சான்று எண் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, அப்பாவின் பென்ஷன் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.