ஜெலட்டின் பானம் என்று காட்டி, சொட்டு மருந்து விற்கிறார்கள். கவனம்!

உடம்பு இளைக்க ஜெலட்டின் பானம் குடியுங்கள் என்று வரும் விளம்பரத்தை யாராவது திறந்து வைத்திருந்தால், கார்டு எண்ணைப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் பார்த்த வீடியோவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு டாக்டர் பேசினார். மூன்றே பொருள், சமையலறையிலேயே செய்யலாம் என்றார். செய்முறை இதோ வருகிறது, இதோ வருகிறது என்று இழுத்தார்கள். வீடியோவை முன்னே தள்ளி ஓட்டிப் பார்க்கவும் வழி வைக்கவில்லை. கடைசிவரை செய்முறை வரவே இல்லை. வீட்டில் செய்தால் அளவு பிசகும், அதே பலன் இந்தச் சொட்டு மருந்தில் இருக்கிறது என்று ஒரு பாட்டிலைக் காட்டினார்கள்.

ஒரு பாட்டில்தான் கேட்டேன். கார்டிலிருந்து பல பாட்டில்களுக்கான தொகை போனது. அடுத்த மாதம் மறுபடியும் போனது. கேட்டால், நீங்கள் மாதச் சந்தாவுக்குச் சம்மதித்திருக்கிறீர்கள் என்றார்கள். பணம் கட்டும் பக்கத்தின் அடியில், கண்ணில் படக்கூடாது என்றே பொடி எழுத்தில், முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் அது. பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதம் என்னவாயிற்று என்று எழுதினேன். பாட்டிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தொகையில் கொஞ்சம் திருப்பித் தருகிறோம் என்று பதில் வந்தது. மறுத்தேன். பிறகு பதிலே இல்லை.

பாட்டிலின் லேபிளில் ஜெலட்டின் என்ற பெயரே கிடையாது. ஏதேதோ மூலிகைச் சாறுகள். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று போடாமல் மொத்தமாகக் ‘கலவை’ என்று ஒரே வரி.

ஜெலட்டின் என்பது மாடு, பன்றி, மீன் இவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம். சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்; கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகர் வேறு பொருள். ஒரு மேசைக்கரண்டி ஜெலட்டின் தூளில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் கரைத்துக் குடித்தால் சிலருக்குக் கொஞ்ச நேரம் பசி அடங்கலாம். அதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றுமில்லை. எடை குறைப்பு ஊசியைப் போலவே, சாப்பிட்டதும் குடலில் சுரந்து பசியை அடக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை இது தூண்டும் என்கிறார்கள். எந்தப் புரதம் சாப்பிட்டாலும் அந்த ஹார்மோன் ஓரளவு சுரக்கத்தான் செய்யும். உடம்பில் சுரப்பது சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். வாரம் ஒரு முறை போடும் செமாக்ளூடைட் என்ற எடை குறைப்பு ஊசி நாள்கணக்கில் நிற்கும்படி வடிவமைத்த மருந்து. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது அப்பட்டமான பொய்.

சாப்பாட்டை நிறுத்திவிட்டு இதை மட்டும் குடிக்கச் சொல்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கொலாஜன், ஜெலட்டின் வகைத் திரவப் புரதத்தையே உணவாகக் குடித்து இளைக்கும் முறை பரவியது. கிட்டத்தட்ட 60 மரணங்கள் விசாரணைக்கு வந்தன. அவர்களில் பலரின் இதயத் துடிப்பு தாறுமாறாகியிருந்தது. ஜெலட்டினில் டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே (உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டிய புரதக் கூறு) கிடையாது. இதை மட்டும் நம்பி உடம்பு ஓடாது.

அந்த வீடியோவில் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடலாம் என்றும் சொன்னார்கள். என் பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியவில்லை. உங்கள் அம்மாவோ பெரியப்பாவோ இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தால், இன்றைக்கே அவர்களை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் புரதப் பொடியையும் டாக்டரிடம் கேட்காமல் தொடவேண்டாம்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் விற்றவனோடு மல்லுக்கட்டி நாளைக் கடத்தாதீர்கள். நேராக வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்கி, இது நான் சம்மதிக்காத வசூல் என்று எழுத்தில் புகார் கொடுங்கள். ஆர்டர் பக்கம், வந்த மின்னஞ்சல்கள், பாட்டிலின் படம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். எனக்கு ஒரு பகுதி திரும்பியது அப்படித்தான்.

பெயர் தெரிந்த டாக்டர்களின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் போலியாக உருவாக்கி இப்படி விற்பது பல நாடுகளில் நடக்கிறது. ஆகவே முகத்தைப் பார்த்து நம்பாதீர்கள். அதே வீடியோ இப்போது வேறொரு பாட்டிலின் பெயரில் ஓடுகிறது. கண்ணில் பட்டால் யாருக்கும் பகிராமல் மோசடி என்று புகார் அளியுங்கள்.