வழியில் நிற்காத எஸ்யூவியா, ஓட்டச் சுகமான எஸ்யூவியா?

ஒரு நாள் காலை வண்டியை எடுக்கப் போனேன். வலது முன்பக்கம் சக்கரத்தின் மேலேயே படுத்துக் கிடந்தது. மற்ற மூன்று மூலைகளும் வழக்கமான உயரத்தில் நின்றன. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் அதில் இருந்தது. அதன் ரப்பர் பையில் வெடிப்பு விழுந்து, இரவோடு இரவாகக் காற்று முழுவதும் போயிருந்தது. பையிலிருந்து காற்று கசியக் கசிய அதை நிரப்ப கம்ப்ரஸரும் ஓயாமல் ஓடி அடிவாங்கியிருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். முந்தின நாள் மாலைதான் அதே வண்டியில் ஒரு மலைப்பாதை முழுக்க ஏறி இறங்கியிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் நினைத்த இடத்தில் முன்சக்கரம் போய் நின்றது. அவ்வளவு நல்ல பயணம் அதற்கு முன் எனக்கு அமைந்ததில்லை.

அதன் பிறகு, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஒரு ஹைப்ரிட் எஸ்யூவிக்கு மாறினேன். நான்கு வருடங்களில் எண்ணெய், டயர், வைப்பர் தவிர எதுவும் மாற்றவில்லை. ஒரு முறைகூட வழியில் நிற்கவில்லை. ஆனால் இரண்டாவது வருடத்திலேயே ஒன்றைக் கவனித்தேன்: சுற்றுவழியில் போவதை நான் நிறுத்திவிட்டிருந்தேன். முன்பெல்லாம் வளைவுகள் உள்ள பாதைக்காகவே இருபது நிமிடம் கூடுதலாக ஓட்டுவேன். இரண்டு பக்கத்தையும் அனுபவித்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

செடானிலோ சின்ன ஹேட்ச்பேக்கிலோ இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழாது. தாழ்வான, எடை குறைந்த வண்டி சாதாரண ஸ்பிரிங்கிலேயே நன்றாகத் திரும்பும். எஸ்யூவியில் உயரம்தான் சிக்கல். எடையின் மையம் மேலே இருப்பதால் வளைவில் உடல் சாய்கிறது. சாயாமல் இருக்க ஸ்பிரிங்கை இறுக்கினால் மேடுபள்ளத்தில் இடுப்பு ஒடிகிறது. இரண்டையும் சமாளிக்கக் கம்பெனிகள் இயந்திரத்தின் மேல் இயந்திரம் சேர்க்கின்றன. நொடிக்கு நொடி இறுக்கம் மாறும் டேம்பர் (ஷாக் அப்சார்பர்), ஏர் சஸ்பென்ஷன், அகல டயர், பெரிய பிரேக் எல்லாம் அப்படி வந்தவைதான். 2016இல் வந்த ஆடி எஸ்க்யூ7, சாய்வைத் தடுப்பதற்காகவே 48 வோல்ட் மின்மோட்டார்களை வைத்தது. அதாவது எஸ்யூவியில் ஓட்டும் சுகத்தைக் கம்பெனிகள் பெரும்பாலும் கூடுதல் பாகங்களைச் சேர்த்தே தருகின்றன. பாகம் கூடக் கூட, பழுதாகும் இடமும் கூடும்.

நம்பிக்கையான பக்கத்துக்கு டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் கியர்பாக்ஸை இ-சிவிடி என்று சொன்னாலும், சாதாரண சிவிடியில் இருப்பதுபோல உள்ளே பெல்ட் கிடையாது, வழுக்கித் தேயும் கிளட்சும் கிடையாது. ஒரு கோள் பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும்தான். பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று இணைந்தே சுழல்கின்றன. தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. அந்த வேலைகளையும் இந்த மோட்டார்களும் ஹைப்ரிட் மின்னமைப்புமே பார்த்துக்கொள்கின்றன. 2.5 லிட்டர் எஞ்சினில், காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லை. பெட்ரோலை சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் எஞ்சின்களில், உள்ளே போகும் வால்வுகளின் மேல் கரி படியும். பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை என்பதுதான் காரணம். டொயோட்டா இந்த எஞ்சினில் நேரடித் தெளிப்போடு, வால்வுக்கு முன்னால் தெளிக்கும் பழைய முறையையும் வைத்திருக்கிறது. வால்வு கழுவப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நம்பகத்தன்மை ஏதோ அதிர்ஷ்டத்தில் வருவதல்ல, இப்படிப்பட்ட முடிவுகளிலிருந்து வருவது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இந்த அமைப்பு பறித்துக்கொள்வதும் ஒன்று உண்டு. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் ஒரே ஸ்தாயியில் போய் நின்றுவிடும், வேகம் பின்னால் மெதுவாக ஏறும். காது கேட்பதும் முதுகு உணர்வதும் ஒன்றோடொன்று ஒட்டாது. தினமும் ஒரே நெரிசலில் போய்வருபவருக்கு இது ஒரு குறையே அல்ல. மலைப்பாதையை விரும்புபவருக்கோ ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

எதிர்ப்பக்கத்தில் அல்ஃபா ரோமியோ ஸ்டெல்வியோ. அதன் ஸ்டீயரிங் விகிதம் 12:1, அதாவது ஸ்டீயரிங்கை 12 டிகிரி திருப்பினால் சக்கரம் ஒரு டிகிரி திரும்பும். பெரும்பாலான எஸ்யூவிகளில் கையை மாற்றிப் பிடிக்க வேண்டிய வளைவை, இதில் மணிக்கட்டை அசைத்தே கடந்துவிடலாம். பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு கார்பன் ஃபைபரால் ஆனது. இதன் க்வாட்ரிஃபோலியோ வகை 2017இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் ஒரு சுற்றை 7 நிமிடம் 51.7 விநாடியில் முடித்தது. பெட்ரோலில் ஓடும் போர்ஷே மக்கானின் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், இறக்கத்தில் பிரேக் போடும்போதே கியரைக் குறைத்து அடுத்த வளைவுக்குத் தயாராக நிற்கும். இவற்றை ஓட்டியவர்கள் திரும்பத் திரும்பப் பேசுவது குதிரைத்திறனைப் பற்றி அல்ல, வண்டி தங்களுக்குப் பதில் சொல்வதைப் பற்றித்தான்.

இந்தப் பக்கத்து வண்டிகளில் பல நேரம் காலை வாரிவிடுவது பெரிய பாகங்கள் அல்ல. முதல் தலைமுறை போர்ஷே கயென் வி8 எஞ்சினின் மேல்பள்ளத்தில் ஓடிய கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. சூட்டில் வறண்டு, நொறுங்கி ஒழுகின. பின்னர் அலுமினியக் குழாய்கள் வந்தன. எஞ்சின் அருமையானது, அதன் மேல் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக்தான் பெயரைக் கெடுத்தது.

சுகமும் நம்பிக்கையும் ஒன்றுக்கொன்று பகை என்று நான் நினைக்காததற்கு இதுதான் காரணம். கைக்குத் தெரியும் சுகத்தில் பெரும்பகுதி ஸ்டீயரிங் அமைப்பு, நல்ல டேம்பர், நல்ல டயர், கியர் மாறும் விதம் ஆகியவற்றில் இருக்கிறது. இவை அடிக்கடி உடைபவை அல்ல. ஏர் சஸ்பென்ஷனின் காற்றுப்பை, கண்ணாடிக் கூரை, தானாக மூடும் கதவு போன்ற சொகுசுகளே பழுதுப் பட்டியலை நீளமாக்குகின்றன. பிஎம்டபிள்யூ எக்ஸ்3 எம்40ஐ இதற்கு நல்ல சான்று. அதில் இருப்பது சாதாரண எஃகு ஸ்பிரிங், எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வைத்த, இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி, பி58 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின். அதே பி58 குடும்பத்து எஞ்சினைத்தான் டொயோட்டாவும் 2019இல் வந்த சுப்ரா ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தது.

இன்னும் எளிய வழி மஸ்டா சிஎக்ஸ்-5. டர்போ இல்லாத 2.5 லிட்டர் எஞ்சின், ஆறு கியர் கொண்ட சாதாரண ஆட்டோமேட்டிக். அதில் ஜி-வெக்டரிங் என்று ஒன்று உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கியதும் எஞ்சின் தன் இழுவிசையை உணரவே முடியாத அளவு குறைக்கும். எடை கொஞ்சம் முன்சக்கரத்தின் மேல் சாயும், டயர் தரையை நன்றாகப் பிடிக்கும். இதற்காக ஒரு பாகம்கூடச் சேர்க்கவில்லை, மென்பொருள் மட்டும்தான். நெடுஞ்சாலையில் முந்தும்போது சக்தி போதவில்லை என்று தோன்றும். அதை ஒப்புக்கொண்டுதான் நான் இதைத் தேர்ந்தெடுத்தேன். சுற்றுவழிப் பயணம் மறுபடி தொடங்கியிருக்கிறது.

வீட்டில் இருப்பது ஒரே வண்டி, நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதானாலும் அதுதான் என்றால், யோசிக்காமல் நம்பிக்கையான பக்கம் போங்கள். வாரண்டி முடிந்ததும் மாற்றிவிடும் பழக்கம் உள்ளவர் ஸ்டெல்வியோவோ மக்கானோ தாராளமாக எடுக்கலாம்.

தரவரிசைகளைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஜே.டி. பவர் நிறுவனம் மூன்று வயதான வண்டிகளைப் பற்றிக் கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணுகிறது. போன் திரையோடு இணையவில்லை என்பதும் அதில் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. மொத்த எண்ணை விட, எந்த வகைக் குறை என்பதைப் பாருங்கள். கியர் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று சொல்லும் கம்பெனிகளையும் அப்படியே நம்ப வேண்டாம். இசட்எஃப் நிறுவனமே தன் கியர்பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய வண்டியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முந்தின இரவே சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காலை நீங்கள் வரும்வரை தொடாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் முதலில் சாவியைக் கேட்காதீர்கள். நான்கு சக்கரங்களிலும், நடுவிலிருந்து அதற்கு மேலே உள்ள வண்டி உடலின் வளைவு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். முன்னால் இரண்டும் ஒன்றாக, பின்னால் இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஓட்டிப் பார்க்க ஏறுங்கள்.