வேர் நுனியை வெட்டுவதா, பல்லையே பிடுங்குவதா?

ரூட் கெனால் (பல் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) செய்த தன் முன்பல்லின் ஈறில் மறுபடி சீழ்க்கொப்புளம் எழும்பியதும், ஹட்டனில் இருக்கும் அக்கா, "புடுங்கிட்டா வேல முடிஞ்சிச்சுடா" என்றாள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். அவள் அவசரம் புரிகிறது.

பிடுங்குவது சீக்கிரம் முடியும், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. ஆனால் அந்த இடத்து எலும்பு மெல்லத் தேயும். பிறகு கட்டுப்பல்லுக்கு அலைய வேண்டும்.

வேர் நுனியை வெட்டும் அறுவையில் விறைப்பு ஊசி போட்டு, ஈறைத் திறந்து, வேர் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டி, சீழ்ப்பையைச் சுரண்டி, வெட்டிய முனையை எம்.டி.ஏ. என்ற பல் சீமெந்தால் அடைப்பார்கள். எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு பஸ் ஏறவும் வேண்டும். வேர் நெடுக வெடித்திருந்தால் உதவாது. ரூட் கெனாலையே திரும்பச் செய்யலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அக்காவின் பல் விரலால் தள்ளியும் அசையவில்லை. நான் அறுவையின் பக்கம்தான்.