ரப்பர் நிழலில் எந்தப் பேட்டரி தாங்கும்?

அதிகாலை மூன்று மணிக்கு வண்டிக்குள் ஃபிரிட்ஜ் கீச்சிடத் தொடங்கியது. பேச்சிப்பாறைக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் ரப்பர்த் தோட்டம், மூன்றாவது இரவு, வெளியே ஐப்பசி அடைமழை. டார்ச் அடித்துப் பார்த்தேன். வோல்ட்மீட்டரில் 11.4, பேட்டரி காலி. ஃபிரிட்ஜுக்குள், முந்தின நாள் மாலை மைத்துனன் குளச்சலிலிருந்து வாங்கி வந்த இரண்டு கிலோ நெய்மீன், மசாலா தடவிய நிலையில் கிடந்தது. "அத்தான், பேட்டரி புதியதுதானே?" என்று போர்வைக்குள்ளிருந்தே கேட்டான். வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஐந்து வருடம் உழைக்கும் என்று சொல்லிக் கொடுத்தது.

மீனை வீணாக்க மனமில்லாமல் அப்போதே அடுப்பைப் பற்றவைத்துப் பொரித்தோம். மூன்றரை மணிக்கு, மழைச் சத்தத்தில், வெறும் மீனைத் தின்றுகொண்டே இந்தப் பேட்டரி ஏன் இப்படிக் கைவிட்டது என்று பேசியதில் தொடங்கியதுதான் இந்த ஒப்பீடு.

என்னுடையது பழைய டெம்போ டிராவலர். பின்பக்கத்தில் கட்டில், சிறு சமையல் மேடை, கூரையில் 300 வாட் சோலார். ஆறு வருடத்தில் மூன்று வகைப் பேட்டரிகளை அதில் வைத்துப் பார்த்துவிட்டேன்: வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் ட்யூபுலர், மூடிய வகையான ஏ.ஜி.எம்., கடைசியாக லித்தியம். காரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி இந்தப் பந்தயத்திலேயே இல்லை. அது ஒரு சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. இரவெல்லாம் மெதுவாகக் கறந்தால் சில மாதங்களில் படுத்துவிடும்.

பேட்டரிக்கு முன்னால் செலவுக் கணக்கு. 45 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 45 வாட் இழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்று வைத்தால் நாளைக்கு 540 வாட்-மணி. 12 வோல்ட் மின்விசிறி பத்து மணி நேரத்துக்கு 150. விளக்கு, போன், மடிக்கணினி, தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து இன்னொரு 150. மொத்தம் 840 வாட்-மணி. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 70 ஆம்பியர்-மணி. இந்த 70-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ட்யூபுலர். 150 ஆம்பியர்-மணி. நாகர்கோவிலில் எந்த மூலையிலும் கிடைக்கும், பழுது பார்க்கவும் ஆள் உண்டு. மேலே ஒட்டியிருக்கும் 150 என்ற எண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு: இருபது மணி நேரத்துக்கு 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் அது 150. வேகமாக எடுத்தால் குறையும். அதைத்தான் சி20 என்கிறார்கள். சோலாருக்கென்று விற்பவற்றில் சி10 என்று போட்டிருக்கும். பத்து மணி நேரக் கணக்கு. ஒரே எண் போட்ட இரண்டில் சி10 கொண்டதுதான் உண்மையில் பெரியது. இதைக் கேட்காமல் விலையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான் வாங்கினேன்.

ஈய-அமிலப் பேட்டரியை (ட்யூபுலரும் ஏ.ஜி.எம்.மும் இந்த வகைதான்) பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால் ஆயுள் நீளும். ஆக 150-ல் கைக்கு வருவது 75. என் 70-க்கு இது ஒரு நாளுக்குச் சரி. ஆனால் அமிலம் நிரப்பிய பின் அதன் எடை 55 கிலோவுக்கு மேல். உயரமும் அதிகம், இருக்கைக்கு அடியில் நுழையாது. கட்டில் காலோடு பெல்ட் போட்டுக் கட்டிவைத்தேன்.

காளிகேசம் போகும் வளைவுகளில் அதன் குணம் தெரிந்தது. மூடிகளின் துளை வழியாக அமிலம் துளித்துளியாகக் கசிந்து, அடியில் மடித்துப் போட்டிருந்த கோரைப்பாயை அரித்துவிட்டது. பார்க்கும்போது பாய் பாயாகத்தான் இருந்தது. கையில் எடுத்தபோது நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தூளாக உதிர்ந்தது. பெல்ட்டின் நூலும் பாதி இற்றுப்போயிருந்தது. இன்னும் நாலு வளைவு போயிருந்தால் 55 கிலோ அமிலப் பெட்டி எங்கள் கால்மாட்டில் உருண்டிருக்கும். தவிர, சார்ஜ் ஆகும்போது இந்த வகை ஹைட்ரஜனை வெளிவிடும். வீட்டு வராந்தாவில் அது கவலையே இல்லை. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடிய வாயுவை, கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள், கேஸ் அடுப்புக்கு நாலடி தள்ளி வைத்துக்கொண்டு தூங்குவது வேறு விஷயம். ஓடும் வண்டிக்கு ட்யூபுலர் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த இரண்டும்தான். மற்றபடி அது நல்ல உழைப்பாளி.

இரண்டாவது ஏ.ஜி.எம். அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் உறிஞ்சப்பட்டிருக்கும். சிந்தாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாதாரணமாக வாயுவும் வெளிவராது. 100 ஆம்பியர்-மணி 30 கிலோ அளவில் இருக்கும். கடைக்காரர், "அண்ணாச்சி, வைத்தோம் மறந்தோம் என்று இருக்கலாம்" என்றார். மறந்ததுதான் பிழை. (ஜெல் வகையும் உண்டு. ஆழமாக இறங்குவதைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கும், வேகமாகச் சார்ஜ் செய்தால் கெடும். வண்டிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.)

ஏன் பதினான்கே மாதத்தில் போனது? ஆழமாக இறக்கியதால் என்று முதலில் நினைத்தேன். அது பாதிக் காரணம்தான். பெரிய காரணம், அது முழுதாக ஏறவே இல்லை என்பது. ஈய-அமிலப் பேட்டரியில் மின்சாரம் எடுக்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். திரும்ப முழுச் சார்ஜ் ஏற்றினால் கரையும். அரைகுறையாக விட்டால், புத்தளம் உப்பளத்தில் நீர் வற்றிய பாத்தி போல, அது மெல்ல இறுகிக் கட்டியாகிவிடும். பிறகு கரைக்க முடியாது. இறுகிய அளவுக்குப் பேட்டரி சிறுத்துப் போகிறது.

அந்த முழுச் சார்ஜும் எளிதில் நடப்பதில்லை. 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறும் ஈய-அமிலம், கடைசி 20-க்கு நாலைந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் அது உறிஞ்சுகிற வேகத்தில்தான் உறிஞ்சும். சொத்தவிளைக் கடற்கரையில், மாசி பங்குனி வெயிலில் திறந்த வெளியில் நிறுத்தினால் பிரச்சினையே இல்லை; 300 வாட் பேனல் நாளைக்கு ஆயிரம் வாட்-மணி தரும், சாயங்காலத்துக்குள் பேட்டரி நிரம்பிவிடும். ஆனால் குமரி மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கம் போனால் வண்டியை நிறுத்தும் இடமெல்லாம் ரப்பர் நிழல். மழை நாளில், நிழலில், அதே பேனலிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. பேனலின் ஒரு பகுதியில் மட்டும் கிளை நிழல் விழுந்தால்கூட உற்பத்தி சரிந்துவிடும். என் ஏ.ஜி.எம். அந்தப் பதினான்கு மாதத்தில் பெரும்பாலான நாட்களை 40-க்கும் 80-க்கும் இடையிலேயே கழித்திருக்கிறது.

இங்கேதான் லித்தியம் வேறு சாதி. வண்டிக்கு வாங்க வேண்டியது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எல்.எஃப்.பி. என்பார்கள். அதற்கு முழுதாக நிரம்பியிருக்க வேண்டும் என்ற பிடிவாதமே கிடையாது. பாதியில் கிடப்பதுதான் அதற்குப் பிடிக்கும். நீண்ட நாள் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் விட்டுச்செல்வதே நல்லது. எடை குறைவு, ஆயுள் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவை உண்மைதான்: 100 ஆம்பியர்-மணி 10 முதல் 13 கிலோ, அதில் 80, 90 வரை தயங்காமல் எடுக்கலாம், தயாரிப்பாளர்கள் 2,000 சுற்றுக்கு மேல் (ஒரு தடவை இறங்கி ஏறுவது ஒரு சுற்று) கணக்குச் சொல்கிறார்கள், ஏ.ஜி.எம்.முக்குச் சில நூறுகள்தான். ஆனால் மழைக்கும் மரத்துக்கும் நடுவில் வாழும் நமக்கு, அரைகுறைச் சார்ஜால் கெடாது என்ற குணம் ஒன்றே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

ஏற்றியதும் வீணாவதில்லை. ஈய-அமிலத்தில் 100 கொடுத்தால் 80, 85 திரும்பக் கிடைக்கும், எல்.எஃப்.பி.யில் 95-க்கு மேல். மேகமூட்ட நாளில் அந்த வித்தியாசம் மின்விசிறி ஓடுவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும். மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கும்போது இன்னொன்று தெரியும். 500 வாட் மிக்ஸியை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரியிலிருந்து 45 ஆம்பியர் போகும். பாதி இறங்கிய ஏ.ஜி.எம்.மில் மிக்ஸியைத் திருகியதும் வோல்ட்டேஜ் குப்புற விழுந்து இன்வெர்ட்டர் அலறும். தேங்காயைக் கடித்துத் தின்ன வேண்டியதுதான். லித்தியத்தில் மிக்ஸி வீட்டில் ஓடுவது போலவே ஓடுகிறது.

இந்த வகை வேதியியல் 1997-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடினஃபின் குழுவிடமிருந்து வந்தது. அவருக்கு 2019-ல் நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவர் தென்தமிழ்நாட்டு அமரபுரத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். இதற்கு முன்னோடியான பாலி அயனிச் சேர்மங்களில் 1980-களிலேயே குடினஃபுடன் வேலை செய்தவர். மைத்துனனிடம் சொன்னபோது, "அப்படியானால் விலையில் நமக்குத் தள்ளுபடி தரலாமே" என்றான்.

தரவில்லை. லித்தியத்தின் குறைகளும் கொஞ்சமல்ல. பேட்டரிக்கு 36,000 கொடுத்தேன், ஏ.ஜி.எம். 13,500-தான். அதோடு முடியவில்லை. லித்தியத்தை வண்டியின் ஆல்டர்னேட்டரோடு (இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது) நேராக இணைக்கக் கூடாது. உள்தடை மிகக் குறைவு என்பதால் கிடைக்கும் மின்சாரத்தையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். நடுவில், இழுப்பை 30 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். அதைப் போட்ட பிறகு ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் 45 ஆம்பியர்-மணி ஏறிவிடுகிறது. என் ஒருநாள் தேவையில் பாதிக்கு மேல்.

வோல்ட்மீட்டரும் உதவாது. ஈய-அமிலத்தில் 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எல்.எஃப்.பி. நாளெல்லாம் 13.2-ஐச் சுற்றியே நின்று, கடைசியில் ஒரேயடியாக விழும். உள்ளிருக்கும் பாதுகாப்பு மின்சுற்று சட்டென்று துண்டித்துவிடும். முன்னறிவிப்பு இல்லாத இருட்டு. போகிற வருகிற ஆம்பியரை எண்ணும் ஷன்ட் மீட்டர் இல்லாமல் லித்தியம் வைத்திருப்பது, எரிபொருள் முள் இல்லாமல் வண்டி ஓட்டுவதுதான். சார்ஜரும் ஷன்ட்டும் வயரும் சேர்ந்து இன்னொரு 17,000 போயிற்று.

போலிகளும் அதிகம். 100 ஆம்பியர்-மணி என்று ஒட்டி ஏழு கிலோவில் ஒரு பெட்டியை நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த எடையில் அது வராது. ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய செல்களைக் கட்டி மலிவாகத் தருகிறேன் என்பவர்களிடமும் போகாதீர்கள். அவை என்ன வேதியியல், எத்தனை சுற்று ஓடியவை என்பது யாருக்கும் தெரியாது, அதன் மேல் நீங்கள் படுத்துத் தூங்கப் போகிறீர்கள்.

வெயில் யாரையும் விடாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு எட்டுப் பத்து டிகிரிக்கும் ஈய-அமிலத்தின் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. லித்தியம் அதைவிடத் தாங்கும் என்றாலும், இஞ்சினை ஒட்டியோ பூட்டிய வண்டியில் கண்ணாடியோரமாகவோ வைக்க வேண்டாம். அதிகச் சூட்டில் பாதுகாப்பு மின்சுற்று சார்ஜ் ஏற்றவே விடாது.

உப்புக்காற்று இன்னும் மோசம். முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே நாலு நாள் நிறுத்தியதில் வயர் முனையில் மாட்டும் செம்பு லக்குகளில் பச்சை பூத்துவிட்டது. துணியால் துடைத்தால் போகவில்லை, பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டியிருந்தது. இப்போது முறுக்கிய பிறகு ஒவ்வொரு முனையிலும் வாசலின் தடவுகிறேன், வயர் வெள்ளீயம் பூசியது.

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பார்த்துவிட்டுக் கூரையில் குட்டிக் காற்றாடி வைத்தால் என்ன என்று வருடத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். முப்பந்தலில் உயரத்தில் நிற்கும் ராட்சதக் காற்றாலைகளோடு அதை ஒப்பிட வேண்டாம். கூரையில் அந்தக் குட்டி போடும் சத்தத்தில் தூங்கவும் முடியாது.

இப்போது யாருக்கு எது? மாதம் ஓரிரவு கடற்கரைக்குப் போய்த் திரும்பி, வீட்டில் சார்ஜரில் மாட்டி முழுதாக ஏற்றிவிடும் ஒழுக்கம் உள்ளவருக்கு ஏ.ஜி.எம். போதும், ஃபிரிட்ஜ் இல்லாமல் விளக்கும் விசிறியும் மட்டும் என்றால் லித்தியத்துக்குச் செலவழிப்பது வீண். மலைப் பக்கம் இரண்டு மூன்று நாள் தங்குபவர், மழையிலும் போகிறவர், வண்டியில் சமைப்பவர் கடன் வாங்காமல் முடியுமென்றால் லித்தியம் வாங்கட்டும். பணம் ஒரே தடவையில் இல்லை என்றால் முதலில் டி.சி.-டி.சி. சார்ஜரை வாங்குங்கள். இரண்டு வகைக்கும் பொருந்தும்படி மாற்றியமைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்கினால், இருக்கும் ஏ.ஜி.எம்.மின் ஆயுளும் கூடும், பிறகு லித்தியத்துக்கும் அது உதவும்.

செத்த ஏ.ஜி.எம்.மைக் கடையில் பழைய ஈயத்தின் விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ட்யூபுலரை விற்கவில்லை. மைத்துனனின் தோட்டக் குடிசையில், காற்றோட்டமான திண்ணையில், மேலே ஒரு பேனலோடு அசையாமல் உட்கார்ந்து இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே மரம் இல்லாத பாறைமேடு ஒன்று இருப்பதால் தினமும் நிரம்பிவிடுகிறது. நான் அந்தப் பக்கம் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் போன் வந்துவிடும்: "அத்தான், வரும்போது பேட்டரித் தண்ணீர் ஐந்து லிட்டர்."