நாகர்கோவில் லேபுக்குப் பழைய டெல் ஆர்740 சர்வர்: பூட் அமைப்பில் தேறுமா?

கல்லூரி லேபுக்கு இரண்டாம் கை பவர்எட்ஜ் ஆர்740 வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். சத்தம் அதிகம், எழுந்து வரவும் நிமிடக்கணக்கில் ஆகும். பூட் அமைப்போ தெளிவானது.

சர்வர் எழும்போது எஃப்2 அழுத்தி, சிஸ்டம் பயாஸ் மெனுவில் பூட் மோடை யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு மாற்றாக வந்த பூட் முறை) ஆக்குங்கள். என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிஸ்கிலிருந்து பூட் ஆக அது கட்டாயம். அடுத்து நெட்வொர்க் செட்டிங்ஸ். அங்கே பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியே பூட் ஆகும் முறை) டிவைஸ் 4 வரை உண்டு. முதலாவதை எனேபிள் செய்தால் மட்டும் போதாது, கேபிள் செருகிய போர்ட்டையே இன்டர்ஃபேஸாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மற்ற கோளாறுகள் பெரும்பாலும் சர்வருக்கு வெளியே. ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியில், பூட் கோப்பின் பெயரைச் சொல்லும் 67ஆம் ஆப்ஷனில் பழைய பயாஸ் காலத்து பிஎக்ஸ்லினக்ஸ் (நெட்வொர்க் பூட் நிரல்) கோப்புப் பெயர் கிடந்தால் யூஇஎஃப்ஐ அதை ஓட்டாது. இஎஃப்ஐ கோப்பு வேண்டும். டிஜிட்டல் கையொப்பம் உள்ள நிரலை மட்டும் ஓட்டவிடும் செக்யூர் பூட் இயங்கினால், கையொப்பமில்லாத ஐபிஎக்ஸ்இயும் (இன்னொரு நெட்வொர்க் பூட் நிரல்) நிராகரிக்கப்படும். ஐபி முகவரியே கிடைக்கவில்லையா? ஸ்விட்சைப் பாருங்கள். நெட்வொர்க்கில் சுழல் இணைப்பைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ, போர்ட்டைத் திறக்க 30 வினாடி எடுக்கும், அதற்குள் பிஎக்ஸ்இ கைவிட்டுவிடும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பை ஸ்விட்சில் போட்டால் தீரும். பூட் கோப்பைக் கொண்டுவரும் டிஎஃப்டிபிக்கு யுடிபி 69ஆம் போர்ட் ஃபயர்வாலில் திறந்திருக்கட்டும்.

பூட் வரிசையில் டிஸ்கை முதலில் வையுங்கள். நெட்வொர்க் தேவைப்படும்போது மட்டும் எஃப்12. மாற்றி வைத்தால், ஐப்பசி மழையில் கரண்ட் போய் வரும்போது தானியங்கி இன்ஸ்டாலர் டிஸ்கைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்!

குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோரத்தில் ஓடிய மெஷின் என்றால் பணம் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து, ரைசர் (விரிவாக்க அட்டைகளைச் செருகும் பலகை) தொடுமுனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.