அமெரிக்காவில் ஆங்கிலம்: 2000 ஆணையும் 2025 ஆணையும்

2000 ஆகஸ்டில் கிளின்டன் பிறப்பித்த 13166ஆம் ஆணை, ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கும் அரசுச் சேவை முறையாகக் கிடைக்க வழி செய்யும்படி கூட்டரசுத் துறைகளைக் கட்டாயப்படுத்தியது. 2025 மார்ச் 1 அன்று டிரம்ப் அதை ரத்து செய்து, ஆங்கிலத்தை அதிகாரபூர்வ மொழியாக அறிவித்தார். பிறமொழிச் சேவையை நிறுத்தியே தீர வேண்டும் என்று புதிய ஆணை சொல்லவில்லை. முடிவைத் துறைத் தலைவர்களிடம் விட்டுவிட்டது. சிக்கலே அங்கேதான்: ஒரு துறை ஸ்பானிய மொழியில் படிவம் தரலாம், இன்னொன்று கைவிரிக்கலாம். ஆங்கில வகுப்புகளுக்கும் அதில் நிதி ஒதுக்கவில்லை. பழைய ஆணையே மேல்.

குடியுரிமைத் தேர்வை இரண்டுமே தொடவில்லை. மூன்று வாக்கியங்களில் ஒன்றையாவது வாசிக்க வேண்டும், மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். 50 வயதைத் தாண்டி, 20 ஆண்டு கிரீன் கார்டுடன் வாழ்ந்தவருக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடிமையியல் கேள்விகளுக்குத் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரை மட்டும் அவரே அழைத்து வர வேண்டும்.