ஒரே சாலை, இரண்டு வாசல்: கிண்டியா, ஐஐடியா?

சர்தார் படேல் சாலையில் காந்தி மண்டபம் ஸ்டாப்பிங்கில் இறங்கினால் எதிரே அண்ணா பல்கலைக்கழகம்; அதன் கிண்டி பொறியியல் கல்லூரியைத்தான் ‘கிண்டி’ என்கிறோம். மண்டபத்துப் பக்கமே அடையாறை நோக்கி நடந்தால் ஐஐடி வாசல். பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடுகளில் இரண்டையும் கட் ஆஃப், ரேங்க், பேக்கேஜ் என்றுதான் அலசுகிறார்கள். நாலு வருஷம் உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்பவர் குறைவு.

ஆய்வைப் பொறுத்தவரை சுற்றி வளைக்க வேண்டாம்: ஐஐடிதான். 2010-ல் வந்த ரிசர்ச் பார்க், கம்பெனிகளையும் பேராசிரியர்களையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தது. அங்கே முளைத்த அக்னிகுல் என்கிற ஸ்டார்ட்அப் கம்பெனி, ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த எஞ்சினுடன் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது. முதல் வருஷப் பையனுக்கும் வழி இருக்கிறது. சிஎஃப்ஐ என்கிற மாணவர் பட்டறைக்குப் போனால் கையில் சால்டரிங் அயர்னோடு சீனியர் ஒருவர் இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். 2008-ல் அதைத் தொடங்கப் பணம் தந்தது 1981-ல் படித்து முடித்த பேட்ச்.

கிண்டிக்காரர்கள் உடனே அனுசாட்டை இழுப்பார்கள். நியாயம்தான். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. சுமார் 40 கிலோ, 2009 ஏப்ரல் 20 அன்று விண்ணுக்குப் போனது. ஆனால் அந்தப் பெருமையில் பெரும்பங்கு, அண்ணா பல்கலையின் இன்னொரு வளாகமான குரோம்பேட்டை எம்ஐடிக்குச் சேரும். தவிர, அண்ணா பல்கலை 400-க்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகளைக் கட்டி மேய்க்க வேண்டும். சிலபஸ், கேள்வித்தாள், பேப்பர் திருத்தல்... ஆய்வுக்கு ஒதுக்க வேண்டிய நேரத்தை இது தின்றுவிடுகிறது என்பது என் கணிப்பு.

விழா என்று வந்தால் தராசு கிண்டி பக்கம் சாய்கிறது. ஜனவரியில் ஐஐடியில் சாஸ்த்ரா, சாரங். ஓஏடி என்று சுருக்கிச் சொல்லப்படும் திறந்தவெளி அரங்கில் இரவு நிகழ்ச்சிக்கு ஊரே வரிசையில் நிற்கும். பிரம்மாண்டம், சந்தேகமில்லை. ஆனால் கிண்டியின் டெக்கோஃபெஸ் 1948-லிருந்து நடப்பது, ஐஐடி பிறந்ததே 1959-ல்தான்! டெக்கோஃபெஸ்ஸில் மேடையில் ஒருவன் சொதப்பினால் கூட்டத்திலிருந்து வரும் கமெண்ட் தமிழில் வரும், அதுவும் கோவைத் தமிழா நெல்லைத் தமிழா என்று கண்டுபிடிக்கிற மாதிரி. இந்தச் சுகம் ஐஐடி மெஸ் வரிசையில் கிடைக்காது. அங்கே இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் எல்லாம் கலந்து ஓடும்.

காரணம் சேர்க்கையில் இருக்கிறது. ஐஐடிக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ நாடு முழுவதிலிருந்தும் சலித்து எடுக்கிறது. கிண்டிக்கு ஆள் எடுக்கிற, தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையான டிஎன்இஏ கவுன்சலிங் தென்காசியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவருகிறது. 2021-லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேறு. சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் 2010-லேயே வந்துவிட்டன. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு, சந்தேகத்தைத் தாய்மொழியில் கேட்க நாலு பேர் இருப்பது லேசான விஷயமில்லை.

ஐஐடியில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஹாஸ்டல்தான். கோதாவரி, நர்மதா, அலக்நந்தா என்று நதிப் பெயர்கள்; சைக்கிள்; சாலையைக் கடக்கிற புள்ளிமான். அங்கே படிப்பவர்கள் அந்த வளாகத்தை ‘இன்ஸ்டி’ என்பார்கள். வாரக்கணக்கில் கேட்டைத் தாண்டாமல் இருந்துவிடலாம், எனக்கு அது கொஞ்சம் மூச்சுமுட்டும். கிண்டியில் டே ஸ்காலர்கள் சாயங்காலம் பஸ் பிடிக்க ஓடுவதால் கிளப் வேலைகள் பாதியில் நிற்கும். ஆனால் ஊர் உள்ளே வந்து போகிறது: 2004-ல் தொடங்கிய அண்ணா எஃப்எம், 90.4-ல், நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. அக்கம்பக்கத்துக் குடியிருப்புப் பெண்களும் அதில் பேசுகிறார்கள்.

என் அக்கா மகள் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பவள், யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுவாள். அவளுக்கு ஐஐடி என்றேன். அவள் தம்பிக்குக் கிண்டி என்றுதான் சொல்வேன், ஜேஇஇயில் நல்ல ரேங்க் வந்தாலும். அவன் தமிழில்தான் சண்டையே போடுவான்.